எந்தக் கலியாணம்?

வங்காலையில் தோமஸ் சம்மாட்டியின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் மட்டும்தான் இன்னும் வரவில்லை. கலியாணப் பெண்ணும்.

"பொம்பிளையைக் காணேல்லை எண்டு வெளியில ஒரு சொல்லுப் போகக்கூடாது, மிஸ்," என்று தோமஸ் தன் குரலை அடக்கிக்கொண்டு சொன்னார். அடக்கின குரலே கடற்கரைவரை கேட்டிருக்கும். கரையில் நின்று கத்தியே தன்னுடைய மீன்பிடி வள்ளங்களைத் திருப்புகிற சம்மாட்டி அவர்.

மங்கையற்கரசி தலையை ஆட்டினார். பல வருசம் கோட்டு வழக்குகளில் இங்கிலிசுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மற்றவர்களுடைய பொய்யை மொழிபெயர்த்துக் களைத்துப்போய், இனி அதைக் கண்டுபிடிக்கலாம் என்று மன்னார் ரவுனில் துப்பறியும் கந்தோர் திறந்தவர். அவருக்குப் பின்னால் நின்ற றிஸ்லான் முதலில் அந்தக் கந்தோருக்கு ஓட்டோக்காரனாகத்தான் வந்தான். பிறகு உதவியாளன் ஆனான். ஓட்டோவுக்குப் பிரேக் உண்டு, அவன் வாய்க்கு இல்லை.

விசயம் இதுதான். தோமஸின் மகள் டிலோஜினிக்கு நாளையிண்டைக்கு, இன்னும் இரண்டே நாளில், கலியாணம். நேற்றுப் பின்னேரம் தையல்காரியிடம் போய்விட்டு வாறன் என்று வெளிக்கிட்டவள் திரும்பவில்லை. இருட்டுப்பட்ட பிறகு, தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து தோமஸின் போனுக்கு ஒரு குரல் வந்தது. மனிசக் குரல் இல்லை. எழுதிக் கொடுத்ததைப் போன் தானே வாசிக்குமே, அந்த மெசின் பெண்ணின் குரல்.

"போடுங்கோ, கேப்பம்," என்றார் மங்கையற்கரசி.

மெசின் பெண் ஒவ்வொரு சொல்லையும் தட்டில் தனித்தனியாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள்: "டிலோஜினி இஸ் சேஃப். டோன்ட் கோ டு த பொலிஸ். ஷீ வில் கம் ஹோம் ஆஃப்டர் ஏ வெடிங்."

"பக்கத்து வீட்டு மாஸ்டர் தமிழில சொன்னவர்," என்றார் தோமஸ். "டிலோஜினி பத்திரமா இருக்கிறா, பொலிசுக்குப் போகாதேங்கோ, கலியாணம் முடியத்தான் வீட்டை வருவா. விளங்குதோ மிஸ்? நாளையிண்டைக்கு வைச்ச கலியாணம் குழம்பினாப் பிறகுதான் வருவாவாம். எவனோ ஒருத்தன் பிடிச்சு வைச்சிருக்கிறான். இல்லாட்டி இவளே எவனோடயாவது..."

சொல்லி முடிக்கவில்லை. அவருடைய மனைவி பிரான்சிஸ்கா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினா.

மூலையில் இருந்து ஒரு இளைஞன் பதறி எழும்பினான். ஷெல்டன், மாப்பிள்ளை. தாய் தகப்பன் வங்காலைதான், பிறந்து வளர்ந்தது கனடாவில். போன கிழமைதான் வந்து இறங்கியிருந்தான்.

"மாமி, அழாதேங்கோ. நான் ஒரு கதிரை கொண்டு வாறன். நீங்கள் அந்தக் கதிரையில இருங்கோ. அந்த வெயில் ஒரு பொல்லாத வெயில்."

றிஸ்லான் உதட்டைக் கடித்துக்கொண்டான். சாவீட்டில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. ஷெல்டனோ கதிரையைக் கொண்டுவந்து போட்டு, மாமியை இருத்தி, விசிறியால் மாமாவுக்கும் விசிறத் தொடங்கினான். பெண்ணைத் தொலைத்த மாப்பிள்ளையின் கோபம் முகத்தில் மருந்துக்கும் இல்லை. பாவம், நல்ல பிள்ளை, ஒன்றும் விளங்கவில்லைப் போல என்று றிஸ்லான் இரக்கப்பட்டான்.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றார் மங்கையற்கரசி. மெசின் பெண் திரும்பச் சொன்னாள். மங்கையற்கரசியின் இடது புருவம் கொஞ்சம் உயர்ந்தது. றிஸ்லானுக்கு அந்தப் புருவத்தை நன்றாகத் தெரியும். அது உயர்ந்தால் ஓட்டோவுக்குப் பெற்றோல் அடிக்க வேண்டும்.

"அக்கா, பிள்ளை என்னத்தைக் கொண்டு போனவ?" என்று அவர் பிரான்சிஸ்காவிடம் கேட்டார்.

"கலியாண உடுப்பு அலுமாரியில அப்பிடியே கிடக்கு, மிஸ். புதுப் பட்டுச்சேலையைத்தான் காணேல்லை. ஓடிப்போற பிள்ளை பட்டுச்சேலையைச் சுமந்துகொண்டு போகுமோ?"

மங்கையற்கரசி சுவரைப் பார்த்தார். டிலோஜினி சின்ன வயதில் தேவாலயத்தில் எடுத்த முதல்நன்மைப் படம் மாட்டியிருந்தது. வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. அவளுடைய தோளில் ஒரு பையனின் கை இருந்தது. பையன் இல்லை. அவன் நின்ற பக்கத்தைச் சட்டத்துக்குள் வராமல் மடித்து வைத்திருந்தார்கள்.

"இது ஆற்றை கை?"

"அது... கூட நிண்ட பிள்ளை ஒண்டு," என்றார் தோமஸ், சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பிரான்சிஸ்கா எழும்பிப்போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தா. அந்தக் கை இருந்த இடத்தை மட்டும்.

"மிஸ், மத்தியானத்துக்குள்ள ஒரு முடிவு தெரியாட்டில் நான் பொலிசுக்குப் போவன். மானம் போனாலும் பரவாயில்லை," என்றார் தோமஸ்.

ஓட்டோ மன்னார் வீதியில் ஏறினதும் றிஸ்லான் தொடங்கினான். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. ஆள் இந்தப் பக்கத்துப் பொடியன்தான்."

"எப்பிடி?"

"ஏன் இங்கிலிசில அனுப்பினவன்? தமிழ் கதைச்சால் நாலு சொல்லில பிடிச்சிடலாம், வங்காலையோ, கீரியோ, கொண்டச்சியோ எண்டு. அதுக்குப் பயந்துதான் இங்கிலிசுக்குள்ள போய் ஒளிச்சிருக்கிறான். இவ்வளவு மூளை உள்ளவன் உள்ளூர்க்காரன்தான்."

"நல்ல யோசனை," என்றார் மங்கையற்கரசி. றிஸ்லானுக்கு மனம் குளிர்ந்தது. "பிழை. ஆனால் நல்ல யோசனை. றிஸ்லான், இங்கிலிசில ‘ஏ’ எப்ப போடுறது, ‘த’ எப்ப போடுறது?"

"‘ஏ’ எண்டால் ஒண்டு. ‘த’ எண்டால்... வசனம் பெரிசாத் தெரிய வேணும் எண்டு போடுறது."

"ஆர் சொல்லித்தந்தது?"

"தானா வந்தது. கறிக்கு உப்புப் போடுற மாதிரி ஒரு கைக்கணக்கு அக்கா. பூநாரை பாக்க வந்த வெள்ளைக்காரியை ஏத்திக்கொண்டு போனனான். த கம், த சிட், த லுக் எண்டன். அவவுக்கு எல்லாம் விளங்கினது."

"அவ கெட்டிக்காரி. சரி, நீர் வந்து ‘ஓட்டோ பழுதாப் போச்சு’ எண்டு சொன்னால், நான் எந்த ஓட்டோ எண்டு கேப்பனோ?"

"ஏன் கேக்கப்போறியள்? எங்களிட்ட இருக்கிறது இந்தச் சனியன் ஒண்டுதானே."

"அதுதான் ‘த’. சொல்லுறவருக்கும் கேக்கிறவருக்கும் எது எண்டு முதலே தெரியும். ‘வாற வழியில ஓட்டோ ஒண்டு கவிண்டு கிடந்தது’ எண்டு சொன்னால்?"

"ஆற்றை ஓட்டோ, எங்க, ஆருக்கும் காயமோ எண்டு கேப்பியள்."

"அதுதான் ‘ஏ’. உலகத்தில எத்தினையோ கிடக்கு, அதில ஒண்டு. கேக்கிறவருக்குத் தெரியாத ஒண்டு. இப்ப யோசியும். முற்றத்தில பந்தல் போட்டிருக்கு. ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. அந்த வீட்டுக்கு ஒருத்தர் அந்தக் கலியாணத்தைப் பற்றிச் சொன்னால் என்னெண்டு சொல்லுவார்?"

"த வெடிங்."

"மெசின் பெண் என்ன சொன்னவ?"

றிஸ்லான் பிரேக்கில் காலை வைத்தான். பின்னால் வந்த பஸ் ஹோனை அலறவிட்டுக்கொண்டு விலகிப் போனது.

"ஏ வெடிங்," என்றான் மெதுவாக. பிறகு, "அக்கா, எழுதினவன் என்னை மாதிரி ஒருத்தனா இருந்தால்? கைக்கு வந்ததைப் போட்டிருப்பான்."

"நானும் அதைத்தான் முதல் நினைச்சனான். ஆனால் அதுக்கு முன் வசனத்தைப் பாரும். ‘த பொலிஸ்’. அது எல்லாருக்கும் தெரிஞ்ச பொலிஸ், அங்க ‘த’ போடத்தான் வேணும், போட்டிருக்கு. ‘ஹோம்’க்கு முன்னால ஒண்டும் வராது, போடேல்லை. இவ்வளவும் சரியா எழுதினவர் கடைசியில வந்து தடுக்கி விழுந்தவரோ?"

"அப்ப மாஸ்டர் தமிழில பிழையாச் சொல்லிப்போட்டாரோ?"

"அவர் பிழையாச் சொல்லேல்லை. தமிழில கலியாணம் எண்டால் கலியாணம்தான். உம்மட கலியாணமும் கலியாணம், ஊரான் வீட்டுக் கலியாணமும் கலியாணம். அந்த ‘ஏ’யைக் கொண்டுவந்து இறக்க அவருக்கு ஒரு இடம் கிடைக்கேல்லை. வழியில விட்டிட்டு வந்திட்டார். டிலோஜினி தன்ர கலியாணத்துக்குப் பயந்து ஓடேல்லை, றிஸ்லான். ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறா. அதுக்குத்தான் பட்டுச்சேலை."

"ஊரில நடக்கிற கலியாணத்துக்குப் போறதுக்கு ஏன் ஒளிக்க வேணும்?"

"அதுதான் இனிக் கேள்வி. இண்டைக்கு இந்தப் பக்கத்தில எங்கெங்க கலியாணம்?"

இந்தக் கேள்விக்கு றிஸ்லானுக்குக் கோட்டுப் படிப்புத் தேவைப்படவில்லை. மன்னாரில் யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் வீடியோ எடுப்பது டினேஷ், அவனுடைய கூட்டாளி. போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"டினேஷ், இண்டைக்கு எங்கையடா நிக்கிறாய்?"

"நானாட்டான் பக்கம், கோயில் கலியாணம்," என்றது போன். பின்னால் நாதஸ்வரம் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. "பொம்பிளை தக்சிகா எண்டு, நவரத்தினம் ஐயாவின்ர மகள். வயல்காரர், நல்ல சனம். ஆனால் மச்சான், இப்பிடி ஒரு கலியாணம் நான் எடுத்ததில்லை. மாப்பிள்ளை பக்கத்தில படம் எடுக்க ஆளில்லை. தாய் தகப்பனைக் காணேல்லை. ஒரு தங்கச்சி மட்டும் தோழியா நிக்குது, அதுவும் வீடியோவைக் கண்டால் முகத்தைத் திருப்புது."

"மாப்பிள்ளைக்கு என்ன பேர்?"

"றொகான். வங்காலைப் பொடியன். இவையைப் போலச் சைவம் இல்லை மச்சான், வேதக்காரர், கிறிஸ்தவச் சனம்."

றிஸ்லான் மங்கையற்கரசியைப் பார்த்தான். "அக்கா, அந்தக் கை," என்றான்.

அவர் கையால் வளைத்துக் காட்டினார். ஓட்டோ வீதியின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி நானாட்டானை நோக்கித் திரும்பியது.

கோயில் வயல்வெளிக்கு நடுவில் இருந்தது. சின்னக் கோயில்தான், சனம் நிறைந்திருந்தது. மணவறையில் தலைப்பாகையோடு இருந்த இளைஞன் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் ஒரு பெண். மங்கையற்கரசி கண்ணால் கூப்பிட்டதும் அவளுடைய முகம் வெளிறிப் போனது. ஆனாலும் கிணற்றடிக்கு வந்தாள்.

"அப்பா அனுப்பினவரோ?"

"ஓம். நான் மங்கையற்கரசி. இவர் றிஸ்லான்."

"நான் இப்ப வரமாட்டன், அக்கா. தாலி கட்டினாப் பிறகு கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் வாறன்." டிலோஜினி கிணற்றுக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா சைவப் பிள்ளையை விரும்பிட்டான் எண்டு அப்பா எனக்கு மகனே இல்லை எண்டிட்டார். சுவரில இருந்த படத்தைக்கூட மடிச்சுப்போட்டார். மாப்பிள்ளையின்ர தங்கச்சிதான் தோழியா நிக்க வேணும் எண்டு இவையின்ர முறை. வாடகைக்கு ஒரு தங்கச்சி பிடிக்கலாமோ? சொன்னால் அப்பா வந்து நிப்பாட்டுவார். அதுதான் சொல்லாமல் வந்தனான்."

"சரி தங்கச்சி," என்று றிஸ்லான் குறுக்கிட்டான். அவனுக்குத் தன்னுடைய யோசனையில் இன்னும் ஆசை விடவில்லை. "அந்த மெசேஜ் அனுப்பின பொடியன் ஆர்? வங்காலைத் தமிழ் காட்டிக்குடுத்திடும் எண்டு இங்கிலிசில அனுப்பினானே, அவன்ர மூளைக்கு..."

"அவர் ஒளிக்க இங்கிலிசுக்குப் போகேல்லை, றிஸ்லான்," என்றார் மங்கையற்கரசி. "அவருக்கு எழுத வேற பாஷை தெரியாது."

டிலோஜினி சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒரு கதிரை கொண்டு வாறன், அந்தக் கதிரையில இருங்கோ," என்று மங்கையற்கரசி ஷெல்டனின் குரலிலேயே சொன்னார். "முதல்முறை சொல்லேக்க ‘ஒரு’. அடுத்தமுறை ‘அந்த’. வெயில் உலகத்துக்கே ஒண்டுதான், அதால ‘அந்த வெயில்’. தமிழ் கதைக்கேக்கயும் ‘ஏ’யையும் ‘த’வையும் விடாமல் பொறுக்கிப் போடுற ஆள் அந்த வீட்டில ஒருத்தர்தான் இருந்தவர். பொம்பிளையைக் காணேல்லை எண்டு கோபப்படாமல், மாமாவுக்கு விசிறிக்கொண்டு."

றிஸ்லானின் வாய் திறந்தது. முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

டிலோஜினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "கலியாணம் முடிய வருவன் எண்டு சொல்லுங்கோ எண்டுதான் நான் சொன்னனான், அக்கா. தன்ர குரல் தெரிஞ்சிடும் எண்டு மெசினைப் பேச விட்டார். எங்கட கலியாணம் இல்லைத்தானே, அப்ப ‘ஏ வெடிங்’தான் சரி எண்டு எழுதினவர். இரவு முழுக்க எனக்கு மெசேஜ். நான் தெளிவாத்தானே சொன்னனான், ஏன் எல்லாரும் அழுகினம் எண்டு."

மங்கையற்கரசி சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

"அக்கா, சொல்லாதேங்கோ!"

"சொல்லாட்டில் உங்கட அப்பா பொலிசுக்குப் போவார். தாலி கட்டுற நேரம் வாசலில ஜீப் வந்து நிக்கும். அதுவோ நல்லது? அதைவிட அங்க உங்கட அம்மா பிள்ளை போச்சு எண்டு அழுதுகொண்டு இருக்கிறா." நம்பரை அழுத்தினார். "தோமஸ் அண்ணை, டிலோஜினி சுகமா இருக்கிறா. என்ர கண்ணுக்கு முன்னால நிக்கிறா. ஒரு கலியாணத்துக்கு வந்திருக்கிறா."

"கலியாணமோ?" தோமஸின் குரல் போனைத் தாண்டி வயல்வரை போனது. "எந்தக் கலியாணம்?"

"உங்கட மகன்ர."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய குரல் இவ்வளவு அமைதியாகவும் இருக்கும் என்று றிஸ்லான் நினைத்திருக்கவில்லை. கடைசியில், "நானாட்டான் கோயிலடியோ?" என்று ஒரே ஒரு கேள்வி. "ஓம்" என்றதும் போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நேரம் நகர மாட்டேன் என்றது. விசயம் மணவறைவரை போய்விட்டது. தக்சிகாவின் தகப்பன் நவரத்தினம் சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, அவர் வந்து குழப்புவாரோ?"

"தெரியாது ஐயா," என்றார் மங்கையற்கரசி. அவருடைய வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை றிஸ்லான் அதிகம் கேட்டதில்லை.

ஐயர் அக்கினிக்கு நெய் விட்டுக்கொண்டிருந்தபோது வான் வந்தது. ஷெல்டன்தான் ஓட்டினான். கதவு திறந்ததும் பிரான்சிஸ்கா ஒருவரையும் பார்க்காமல், செருப்பை ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாக உதறிவிட்டு உள்ளே ஓடினா. தோமஸ் மெதுவாக இறங்கினார். இறங்கி, கோயில் வாசலில் கடப்பாறை நட்டமாதிரி நின்றார்.

"நான் மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

"தாராளமாக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் மங்கையற்கரசி. "உள்ள நிக்கிறா."

"வரச் சொல்லுங்கோ."

"தோழியாம், அண்ணை. இடத்தை விட்டு அசையக்கூடாதாம். நீங்கள்தான் போக வேணும்."

"கோயிலுக்குள்ள ஆம்பிளையளைச் சேட்டோட விடமாட்டினம்," என்றான் றிஸ்லான், தாழ்மையாக. "கழட்டித் தாங்கோ, நான் பத்திரமா வைச்சிருக்கிறன். நானும் வெளி ஆள்தானே."

தோமஸ் அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே பொத்தானைக் கழற்றினார். சேட்டு றிஸ்லானின் கைக்கு வந்தது. அகன்ற கறுத்த மார்பில் சிலுவைச் சங்கிலி வெயிலில் மின்ன, வங்காலைச் சம்மாட்டி பிள்ளையார் கோயிலுக்குள் நுழைந்தார். சனம் விலகி வழிவிட்டது. வழியில் நின்ற ஒரு கிழவர், கலியாணத்துக்கு வருகிற எல்லாருக்கும் கொடுப்பதுபோல, தம்பதிக்குத் தூவ அறுகரிசியை அள்ளி அவருடைய கையில் திணித்தார். என்ன ஏது என்று கேட்க முன்னமே கெட்டிமேளம் முழங்கினது.

றொகான் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தான். எல்லாரும் தகப்பனைத்தான் பார்த்தார்கள். தோமஸ் வாயைத் திறந்தார். அந்தக் குரல் வந்தால் மேளம் நின்றுவிடும் என்று றிஸ்லான் சேட்டை இறுக்கிப் பிடித்தான்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் கட்டச் சொல்லு," என்றார் தோமஸ் மகளிடம்.

தாலி ஏறினது. நாலாபக்கமும் இருந்து அரிசி பறந்தது. தோமஸின் கை மட்டும் மூடியே இருந்தது. இருவரும் எழுந்து வந்து குனிந்தபோது, மகனைத் தாண்டிக் கையை நீட்டி, மூடின கையைத் தக்சிகாவின் தலைக்கு மேல் திறந்தார். முழுவதும் அவளுக்கே கொட்டினது.

பிறகு எல்லாரோடும் வாசலுக்கு வந்து மங்கையற்கரசியிடம் திரும்பினார். "மிஸ், மிச்சமெல்லாம் சரி. மெசினை வைச்சு இரவு முழுக்க என்னை ஆட்டிப்படைச்சவன் ஆர்? அவனை மட்டும் என்ர கையில பிடிச்சுத் தாங்கோ."

மங்கையற்கரசி கோபுரத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல மேலே பார்த்தார். றிஸ்லானும் பார்த்தான்.

"மாமா," என்றது ஒரு மெல்லிய குரல். "அது நான்."

தோமஸ் வருங்கால மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "பக்கத்தில இருந்து எனக்கு விசிறினீரே!"

"ஓம் மாமா. பாக்கப் பாவமா இருந்தது."

பிரான்சிஸ்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முயன்று தோற்று, மகனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தா. அது எப்போது அழுகையாக மாறினது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தோமஸ் றிஸ்லானிடம் கையை நீட்டிச் சேட்டை வாங்கினார். போடாமல் தோளில் போட்டுக்கொண்டார். மகன் ஒரு முழத்துக்குள்தான் நின்றான். அவர் அவனைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

"டிலோஜினி, நாளையிண்டைக்கு உன்ர கலியாணப் பூசைக்கு வாறதெண்டால் நேரத்துக்கு வரச் சொல்லு. பிந்தி வந்து பின்வரிசை வாங்கில ஒளிச்சிருக்கிற பழக்கம் இன்னும் இருக்கோ எண்டும் கேள்."

"அண்ணா, அப்பா சொல்லுறார்..."

"கேட்டது," என்றான் றொகான். அவனும் தங்கச்சியைத்தான் பார்த்தான். கண் நிறைந்திருந்தது. "நேரத்துக்கு வாறன் எண்டு அப்பாட்டைச் சொல்லு."

"நேரத்துக்கு வாறாராம், அப்பா."

தோமஸ் சேட்டை உதறிக் கையை நுழைத்தார். பொத்தான் தவறான ஓட்டைக்குள் போனது.

"தனிய வரவேண்டாம் எண்டு சொல்லு," என்றார்.